கணிப்பொறியின் வாயிற்காப்போன்

வங்கியில் பணம் கட்டச் செல்கிறீர்கள். சலானை நிரப்பிக் காசாளரிடம் நீட்டுகிறீர்கள். அவர் அதை ஒரு நொடி நோக்குகிறார். "தேதி போடவில்லையே!" என்கிறார். தேதியைப் போட்டுக் கொடுக்கிறீர்கள். "தொகையை எண்ணால் 500 என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தால் ஐயாயிரம் என்று இருக்கிறதே!" என்று மீண்டும் திருப்பித் தருகிறார். நமக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு நொடிப் பார்வையில் அவர் எத்தனை காரியங்களைச் செய்துவிட்டார் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டுள்ளனவா? எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்தான் இருக்கிறதா? கணக்கு எண்ணில் இலக்கம் ஏதும் குறைகிறதா? ஒரு கட்டத்தில் உள்ளதும் மற்றொரு கட்டத்தில் உள்ளதும் தம்முள் ஒத்துப்போகின்றனவா? இத்தனையும் பார்த்த பிறகே பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

இன்று அதே விவரங்களைக் கைபேசியில் தட்டி, எங்கோ தொலைவில் உள்ள ஒரு கணிப்பொறிக்கு நாம் அனுப்புகிறோம். இவ்வாறு அனுப்பப்படும் விவரத் தொகுப்பைக் 'கோரிக்கை' என்பர். அதை ஏற்றுப் பதில் தரும் கணிப்பொறிக்குச் 'சேவைக் கணிப்பொறி' என்று பெயர். அங்கே காசாளர் இல்லை. ஆனால் அவருடைய வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. வந்து சேரும் ஒவ்வொரு கட்டத்தையும் சோதித்து, தகுந்ததை உள்ளே விட்டு, தகாததைத் திருப்பி அனுப்ப ஒரு வாயிற்காப்போன் வேண்டும். இந்த வாயிற்காப்போன் எப்படித் தோன்றினான்? யாரிடமிருந்தெல்லாம் பாடம் கற்றான்? அது சுவையான வரலாறு.

பாபேஜ் கேட்ட கேள்வி

கணிப்பொறியின் தந்தை எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், 1864-ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருவர் வெவ்வேறு சமயங்களில் தம்மிடம் கேட்ட ஒரு கேள்வியை அதில் அவர் குறிப்பிடுகிறார். இயந்திரத்தில் தவறான எண்களைப் போட்டால் சரியான விடை வருமா என்பதே அந்தக் கேள்வி. எத்தகைய மனக்குழப்பத்தில் இப்படி ஒரு வினா பிறக்கும் என்று தமக்கு விளங்கவில்லை என்று பாபேஜ் வியந்து எழுதியிருக்கிறார்.

பாபேஜின் வியப்பு நியாயமானதே. எனினும், அந்த உறுப்பினர்களின் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் அது அசட்டுக் கேள்வி அன்று. "தவறான எண்ணைப் போட்டால், அது தவறு என்று இயந்திரத்துக்குத் தெரியுமா?" இந்தக் கேள்விக்கு விடை தேடியே பிற்காலத்துப் பொறியாளர்கள் பலர் உழைத்தார்கள்.

மணி ஒலிக்காத அட்டை

1890-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 6 கோடியே 26 லட்சம் மக்கள். இவர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுக்க ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளரின் துளை அட்டை இயந்திரங்கள் பயன்பட்டன. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. வயது, பால், பிறந்த இடம் போன்ற விவரங்கள் அட்டையில் துளைகளாக இடப்பட்டன. அட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், துளை உள்ள இடங்களில் மட்டும் ஊசிகள் உள்ளே இறங்கிப் பாதரசக் கிண்ணங்களைத் தொடும். மின்சுற்று நிறைவு பெறும். எண்ணிக்கை ஒன்று கூடும்.

இயந்திரத்தில் ஒரு மணியும் இருந்தது. அட்டை ஒழுங்காகப் படிக்கப்பட்டால் மணி ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் இயக்குபவர் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். சரியில்லாத விவரத்தைக் கணக்கில் சேர்க்காமல் வாசலிலேயே நிறுத்தும் முறை அன்றே தொடங்கிவிட்டது.

நாளடைவில் துளை அட்டை 80 பத்திகள் கொண்டதாக வளர்ந்தது. 1928-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. ஒரே விவரத்துக்கென ஒதுக்கப்பட்ட சில பத்திகளின் தொகுதியை ஆங்கிலத்தில் 'ஃபீல்டு' என்று அழைத்தார்கள். வயல் என்று பொருள்படும் அந்தச் சொல்தான் இன்று கணிப்பொறித் திரையில் நாம் நிரப்பும் கட்டத்துக்கும் பெயராக நிலைத்திருக்கிறது.

அட்டையில் துளையிடுபவர் கை தவறினால் என்ன செய்வது? இதற்கெனச் சரிபார்க்கும் இயந்திரம் ஒன்று உருவாயிற்று. ஒருவர் துளையிட்ட அட்டையை இதில் செருகி, அதே விவரங்களை மற்றொருவர் மறுபடியும் தட்டுவார். இரண்டும் ஒத்திருந்தால் அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். ஒவ்வாத இடம் இருந்தால் அந்தப் பத்திக்கு நேர் மேலே வெட்டு விழும். இருவர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அரிது அல்லவா? எளிய தத்துவம், ஆயினும் பல ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்ட தத்துவம்.

பதினான்கு வயதில் மனைவியை இழந்தவர்கள்

கட்டங்களைத் தனித்தனியே சோதிப்பது மட்டும் போதாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1950-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பின் அட்டவணைகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ஸ்லி கோல், ஃபிரெடரிக் ஸ்டீஃபன் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மனைவியை இழந்த 14 வயதுச் சிறுவர்கள் 1,670 பேர் என்று அதில் இருந்தது! அதைவிட வியப்பு என்னவென்றால், அடுத்தடுத்த வயதுகளில் இந்த எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே இருந்தது. 22 வயதை எட்டும் வரை அது மறுபடி 1,670-ஐத் தாண்டவே இல்லை.

இது எப்படி நேர்ந்தது? அட்டவணைகளிலிருந்தே அவர்கள் துப்புத் துலக்கினார்கள். மிகச் சில அட்டைகளில் துளைகள் ஒரு பத்தி வலப்புறம் தள்ளி விழுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. வயதின் பத்தாம் இடத்து இலக்கம் ஒன்றாம் இடத்துக்குப் போனது. நடுத்தர வயது ஆண்கள் பதின்வயதுச் சிறுவர்களாகிவிட்டார்கள். ஒரு கட்டத்தின் துளை அடுத்த கட்டத்தில் வேறு பொருள் தந்தது. இந்த ஆய்வை 1962-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 14 என்பது செல்லத்தக்க வயதுதான். 'மனைவியை இழந்தவர்' என்பதும் செல்லத்தக்க விவரந்தான். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றம் இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் ஐயம் எழும். நம் காசாளர் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டது நினைவிருக்கிறதா? அந்த ஒப்பீட்டின் அருமை இப்போது விளங்கும்.

தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் எண்

எண்களை எழுதும்போது மனிதர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு வகையின. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதுவது ஒன்று. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது மற்றொன்று. இவற்றைக் கண்டுபிடிக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு வழி கண்டார். 1954-ஆம் ஆண்டில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1960-ஆம் ஆண்டில் கிடைத்தது.

4725 என்பது ஒரு கணக்கு எண் என்று கொள்வோம். வலது கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஓர் இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். 5-ஐ இரட்டித்தால் 10. இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், எனவே 1. அடுத்த 2 அப்படியே நிற்கும். 7-ஐ இரட்டித்தால் 14, கூட்டினால் 5. அடுத்த 4 அப்படியே. எல்லாவற்றையும் கூட்டினால் 1+2+5+4=12. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் 8 வேண்டும். அந்த 8-ஐக் கடைசியில் சேர்த்து, 47258 என்று எண்ணை வழங்கிவிடுவார்கள். இந்தக் கடைசி இலக்கத்துக்குச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்று பெயர்.

இப்போது ஒருவர் கை தவறி 42758 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கைப் போட்டால் 1+7+4+4=16. பத்தின் மடங்குக்கு 4 வேண்டும். ஆனால் கடைசியில் 8 நிற்கிறது. தவறு வெளிப்பட்டுவிட்டது! கடன் அட்டைகளின் எண்களில் இன்றும் இந்த முறையே கையாளப்படுகிறது.

லூன் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. 09 என்பது 90 என்று இடம் மாறினால் அது கண்டுகொள்ளாது. டச்சுக் கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-ஆம் ஆண்டில் இதனினும் நுட்பமான முறையை வெளியிட்டார். ஓர் இலக்கத் தவறுகள் அனைத்தையும், அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறும் தவறுகள் அனைத்தையும் அது கண்டுபிடித்துவிடும். உங்கள் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் வெர்ஹூஃப் முறைப்படி கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு இலக்கமே.

இதுவரை நாம் கண்ட காவல் எல்லாம் நல்லவர்களின் கைத்தவறுக்கு எதிரானவை. வேண்டுமென்றே பொய் சொல்பவனைச் சரிபார்ப்பு இலக்கம் என்ன செய்யும்? விதியை அறிந்தவன் அதற்கு ஏற்ற பொய் எண்ணைத் தானே புனைந்துகொள்வான். வாயிற்காப்போன் கற்கவேண்டிய அடுத்த பாடம் இதுதான்.

மரக்கால் நிரம்பி வழிந்தது

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள். அமெரிக்காவில் வலையாக இணைக்கப்பட்டிருந்த கணிப்பொறிகள் பல திடீரென்று தடுமாறின. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் பொறிக்குப் பொறி தானே தாவிப் பரவியது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

அது நுழைந்த வழிகளுள் ஒன்று 'ஃபிங்கர்' என்ற எளிய சேவை. ஒருவருடைய பெயரை அனுப்பினால் அவரைப் பற்றிய குறிப்பைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. வரும் பெயரை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. யாருடைய பெயர் அவ்வளவு நீளம் இருக்கப்போகிறது என்று எண்ணி, நிரல் எழுதியவர் நீளத்தைச் சோதிக்கவில்லை. மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. மரக்காலில் கொள்ளாத நெல் பக்கத்தில் சிந்துவதைப்போல, எஞ்சிய 24 பைட்டுகள் அடுத்த நினைவிடத்தில் போய் விழுந்தன. அந்த இடமோ, கணிப்பொறி அடுத்து எங்கே செல்லவேண்டும் என்ற குறிப்பு வைக்கப்பட்டிருந்த இடம்! குறிப்பு மாறியது. பொறி, வந்தவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது.

இந்த வழக்கில் மோரிஸ் 1990-ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். நீளம் பாராமல் எழுத்துகளை வாங்கிக்கொண்ட 'கெட்ஸ்' என்ற கட்டளை, 'சி' மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தர வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு கட்டத்தின் நீளத்தைப் பார்ப்பது எத்தனை இன்றியமையாதது என்று உலகம் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வாசல் எங்கே இருக்கிறது?

1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். சில ஆண்டுகளிலேயே வலைப்பக்கங்களில் நிரப்பும் படிவங்கள் வந்துவிட்டன. 1995-ஆம் ஆண்டில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி தோன்றியது. அதைக் கொண்டு, படிவத்தை அனுப்பும் முன்பே பயனரின் கணிப்பொறியிலேயே கட்டங்களைச் சோதிக்க முடிந்தது. பின்கோடு 6 இலக்கம்; முதல் இலக்கம் 0 ஆகாது. இப்படிப்பட்ட விதிகளை அங்கேயே பார்த்து, "பின்கோடு தவறு" என்று உடனே சொல்லிவிடலாம். பயனருக்கும் வசதி.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். அந்தச் சோதனை நடப்பது அனுப்புபவனின் வீட்டில்! அவன் விரும்பினால் படிவத்தையே விட்டுவிட்டு, கோரிக்கையைத் தன் கையால் எழுதி நேரே சேவைக் கணிப்பொறிக்கு அனுப்பலாம். வங்கியின் காவலை வாடிக்கையாளர் வீட்டுத் திண்ணையில் நிறுத்தினால் என்ன பயன்? வீட்டில் நடக்கும் சோதனை அவருடைய வசதிக்காக. வங்கி வாசலில் நடக்கும் சோதனைதான் காவல்.

1998-ஆம் ஆண்டில் வேறொரு தந்திரம் பகிரங்கமாக விவரிக்கப்பட்டது. விவரக் களஞ்சியத்தைக் கேள்வி கேட்க எஸ்.க்யூ.எல். என்ற மொழி உண்டு. அதில் பெயர்களை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவர். படிவத்தின் பெயர்க் கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியையும் அதைத் தொடர்ந்து ஒரு கட்டளையையும் எழுதி அனுப்பினால், குறி அங்கேயே முடிந்துவிட்டதாகக் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். மிஞ்சியதைக் கட்டளையாக நிறைவேற்றிவிடும்.

அப்படியானால் மேற்கோள் குறியைத் தடை செய்துவிடலாமா? ஓ'பிரையன் என்ற பெயருடைய அயர்லாந்துக்காரர் என்ன செய்வார்? சரியான தீர்வு வேறு. கட்டளையை ஒரு வழியாகவும், பயனர் தந்த விவரத்தை வேறு வழியாகவும் அனுப்பி, விவரம் எந்நாளும் கட்டளை ஆகாதபடி பிரித்துவைப்பதே அது.

நல்லவரைத் துரத்தும் காவல்

அயர்லாந்துக்காரர் மட்டுமல்லர், நாமும் இந்தத் தொல்லையை அறிவோம். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும்தான். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று பிடிவாதம் செய்யும் படிவத்தின் முன் அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். சிலர் தந்தை பெயரை எழுதுகிறார்கள்; சிலர் தம் பெயரையே இரு முறை எழுதுகிறார்கள். உண்மையான விவரத்தைத் தள்ளிவிட்டு, பொய்யான விவரத்தைக் கேட்டு வாங்குகிறது அந்தச் சோதனை!

எழுத்தை எண்ணுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'நி' என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடு முறையில் அது நகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 6 பைட் ஆகும். பெயருக்கு 20 பைட் போதும் என்று ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு விதித்தவர், தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடுவார். ஆகவே விதி வகுப்பவர் நிரலை அறிந்தால் மட்டும் போதாது. மக்களையும் அறிந்திருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் முரண்பட்டபோது

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் 'ஹார்ட்பிளீட்' என்ற குறைபாடு வெளியாயிற்று. வலையில் இரகசியச் செய்திகளைப் பாதுகாக்க உலகெங்கும் பயன்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற மென்பொருளில் அது இரண்டு ஆண்டுகளாக மறைந்திருந்தது.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்கு ஒரு சொல்லை அனுப்பும். கூடவே அதன் நீளத்தையும் ஒரு கட்டத்தில் குறிப்பிடும். பெறும் பொறி அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவன் சில எழுத்துகளே கொண்ட சொல்லை அனுப்பிவிட்டு, அதன் நீளம் 64,000 என்று எழுதினால்? பொறி அதை நம்பிவிட்டது. சொல்லைத் திருப்பித் தந்ததோடு நிற்காமல், 64,000 நிறையும் வரை தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. கடவுச் சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் அதில் இருந்திருக்கக்கூடும். கனடாவின் வரித் துறையிலிருந்து ஏறத்தாழ 900 பேருடைய சமூகக் காப்பு எண்கள் இவ்வழியே களவு போயின.

நீளத்தைக் குறிக்கும் கட்டத்தில் இருந்தது ஒழுங்கான எண்தான். ஆனால் உண்மையில் வந்த சொல்லோடு அது ஒத்துப்போகவில்லை. சலானில் எண்ணும் எழுத்தும் முரண்பட்ட அதே கதை! நம் காசாளர் ஒரு நொடியில் பிடித்திருப்பார்.

வீட்டார் அனுப்பினாலும்

அந்நியன் அனுப்புவதைத்தானே சோதிக்க வேண்டும், நம்மவர் அனுப்புவதையுமா? இதற்கு விடை 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் கிடைத்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணிப்பொறிகளுக்குப் புதிய விவரக் கோப்பு ஒன்றை அனுப்பியது. அந்த விவரங்கள் 21 கட்டங்களை எதிர்பார்த்தன. கணிப்பொறியில் ஏற்கெனவே இருந்த நிரலோ 20 கட்டங்களை மட்டுமே தந்தது. இல்லாத இருபத்தோராவது கட்டத்தைத் தேடிய நிரல், தனக்கு உரிமையற்ற நினைவிடத்தைப் படிக்க முயன்றது. பொறி நின்றது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. பல நாடுகளில் விமானங்கள் ரத்தாயின; மருத்துவமனைகளின் வேலை தடைப்பட்டது.

அந்தக் கோப்பு சரிபார்ப்பு நிரல் ஒன்றைக் கடந்துதான் வந்தது. அந்த நிரலிலேயே குறை இருந்தது. அனுப்பும் இடத்தில் ஒருமுறை சோதித்தாயிற்று என்பதால், பெறும் இடம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டியது.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒருவருடைய வயதை வாங்கிக்கொண்டு அவர் பிறந்த ஆண்டைச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதுங்கள். பிறகு நீங்களே அதன் எதிரியாக மாறுங்கள். வயதுக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்புங்கள். 'பதினாறு' என்று எழுத்தால் எழுதுங்கள். -5 என்று கொடுங்கள். 400 என்று கொடுங்கள். ஆயிரம் இலக்கம் கொண்ட எண்ணைக் கொடுங்கள். கடைசியில் ௧௬ என்று தமிழ் எண்ணாலும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் நிரல் என்ன செய்கிறது? தவறான விடை தருகிறதா, நின்றுவிடுகிறதா, அல்லது என்ன குறை என்று எடுத்துச் சொல்கிறதா?

மூன்றாவதைச் செய்தால் உங்கள் நிரல் நல்ல காசாளர் ஆகிவிட்டது. அவர் சலானைக் கிழித்துப் போடவில்லை. "தேதி போடவில்லையே" என்று குறையைச் சொல்லித்தான் திருப்பித் தந்தார். தமிழ் எண்ணை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா? அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஏனெனில் வாயிற்காப்போனுக்கு விதி எழுதுபவர் இப்போது நீங்கள்.